வயிறில்லாத உயிர்

பாக்டீரியாவுக்கு வயிறு கிடையாது, வாயும் கிடையாது. அதன் உறையைத் தாண்டி உள்ளே போகக்கூடியவை சிறு மூலக்கூறுகள்தான்: ஒரு சர்க்கரை, ஓர் அமினோ அமிலம், சில உப்புகள். எதிரே கிடக்கும் சோற்றுப் பருக்கையை அது விழுங்க முடியாது. அதனால் செரிமானத்தை உடம்புக்கு வெளியே வைத்துக்கொண்டது. நொதியைச் செய்து வெளியே அனுப்புகிறது. நொதி போய் மாவுச்சத்தையோ புரதத்தையோ வெட்டுகிறது. கரைந்து வருவதை உறை உறிஞ்சிக்கொள்கிறது. அனுப்பிய நொதி திரும்பி வராது. வெட்டிய துண்டு அனுப்பியவனுக்கே வந்து சேரும் என்ற உறுதியும் இல்லை. பக்கத்தில் இருப்பவன் தின்றுவிட்டுப் போகலாம்.

தொழிற்சாலை நொதிகளில் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டை நம்பித்தான் இருக்கிறது. செல்லை உடைத்துத் தேட வேண்டாம். செல்லை வடித்து எறிந்துவிட்டு மிஞ்சும் திரவத்தை எடுத்துக்கொண்டால் போதும். மண்ணிலும் வைக்கோலிலும் வாழும் பேசில்லஸ் இனங்கள் இதில் கைதேர்ந்தவை. ஃபெர்டினாண்ட் கோன் 1872-இல் அந்தப் பெயரை வைத்தபோது அவர் கண்ணில் பட்டது அவற்றின் குச்சி வடிவம். அவை என்ன அனுப்புகின்றன என்பதை உலகம் கவனிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

*

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் ஐயம்பேட்டை. பக்கத்தில் முத்தியால்பேட்டை. ஒன்று முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரர் கேட்டால் சொல்வது கடினம். தறிச்சத்தம் இரண்டுக்கும் பொது. காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுகிறார்கள். அரிசிக் கஞ்சி இழைக்கு உடம்பு கொடுக்கிறது. தறியில் ஏறும்போது அறுந்து தொலையாமல் காப்பது அதுதான்.

அதற்கு முன்பே பட்டிலிருந்து ஒரு கஞ்சியை எடுத்தாக வேண்டும். அது புழு போட்ட கஞ்சி. கர்நாடகத்திலிருந்து வரும் கச்சாப் பட்டில் இரண்டு புரதங்கள் இருக்கின்றன. உள்ளே ஃபைப்ரோயின்; நாம் பட்டு என்று உடுத்துவது அது. மேலே செரிசின் என்ற பசை; கூடு கலையாமல் இழையோடு இழையை ஒட்டிவைத்தது அது. எடையில் அது ஏறக்குறைய கால் பங்கு. ஒரு கிலோ கச்சாப் பட்டைக் காய்ச்சி எடுத்தால் முக்கால் கிலோதான் கையில் நிற்கும். பட்டு விலைக்கு இது சின்னக் கணக்கு இல்லை.

காய்ச்சுவது சோப்பும் சோடாவும் போட்ட நீரில், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். பட்டு நூல் சிட்டங்களைக் கம்பில் மாட்டித் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். சாயம் போடும் அண்ணன் ஒருவரிடம், போதும் என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"கையில புடிச்சா தெரியும் தம்பி. மொரமொரன்னு இருந்தா பசை இன்னும் இருக்குது. வழவழன்னு ஆயிட்டா எடுத்துடணும்."

"எடுக்காம விட்டா?"

"பிசிறு எழும்பிடும். அப்புறம் எந்தச் சாயம் போட்டாலும் முகம் தெளியாது."

பட்டின் முகம் என்று அவர் சொன்னதை ஒளி எதிரொளிப்பு என்று பாடப்புத்தகத்தில் எழுதலாம். எழுத வேண்டிய அவசியம் இல்லை. அவர் கவலை எல்லாம் எங்கே நிறுத்துவது என்பதில் இருக்கிறது. பசையும் புரதம், பட்டும் புரதம். ஒன்றைக் கரைக்கும் காரம் கொஞ்சம் பொறுத்தால் மற்றதையும் தொடும்.

*

இந்தச் சிக்கலை முதலில் தீர்த்தது மனிதன் இல்லை.

கூட்டுக்குள் இருக்கும் பூச்சி ஒருநாள் வெளியே வந்தாக வேண்டும். பற்கள் கிடையாது. சுற்றிலும் அது புழுவாய் இருந்தபோது தானே கட்டிய சுவர். 1964-இல் ஃபோட்டிஸ் கஃபாடோஸும் கேரல் வில்லியம்ஸும் ஹார்வர்டில் இதை ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை காட்டுப் பட்டுப்பூச்சிகள். நம் மல்பெரிப் பூச்சியிடமும் அதே வகை நொதி இருக்கிறது. வெளியே வரும் நாள் நெருங்கும்போது பூச்சியின் வாயருகே உள்ள உறுப்பில் ஒரு நொதி சுரந்து, உலர்ந்து, படிகம் போன்ற பொருக்காக நிற்கிறது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் கொகூனேஸ். பிறகு இன்னொரு சுரப்பி திரவம் சொரிகிறது. அதில் இருப்பது பொட்டாசியம் பைகார்பனேட், மென்மையான காரம். பொருக்கு அதில் கரைந்ததும் நொதி விழித்துக்கொள்கிறது. செரிசின் இளகுகிறது. ஃபைப்ரோயின் இழைகள் அறுபடாமல் விலகி வழிவிடுகின்றன. பூச்சி தலையால் முட்டிக்கொண்டு வெளியே வருகிறது.

நொதியும் இருக்கிறது, சோடாவின் தம்பியும் இருக்கிறது. இல்லாதது அடுப்பு மட்டும்.

கொகூனேஸ் ஏன் பட்டைத் தின்பதில்லை என்பதற்கு விடை அது வெட்டும் இடத்தில் இருக்கிறது. நம் கணையத்தில் சுரக்கும் டிரிப்சினுக்கு அது உறவு. லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்குப் பக்கத்தில்தான் வெட்டும். செரிசினில் அவை போதிய அளவு உண்டு. ஃபைப்ரோயினின் நீண்ட சங்கிலியிலோ கிளைசின், அலனின், கிளைசின், அலனின் என்று அதே பல்லவிதான் பெரும்பாலும். அந்தச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி அடுக்கப்பட்டுப் படிகமாய் நிற்கின்றன. வெட்டுவதற்கு இடம் அரிது. இருக்கும் இடத்துக்கும் கத்தி நுழையாது.

பட்டுத் தொழிலில் இந்த நொதிக்கு வேலை வருவதே இல்லை. பூச்சி வெளியே வந்தால் இழை குலைந்துவிடும் என்று ஆவியிலோ வெப்பக் காற்றிலோ கூட்டுக்குள்ளேயே அதைக் கொன்றுவிடுகிறோம். பிறகு அது செய்திருக்கக்கூடிய வேலையை நாம் விறகும் சோப்பும் செலவழித்துச் செய்கிறோம். குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீண்ட இழை வேண்டுமென்றால் வேறு வழி இல்லை.

*

ஐயம்பேட்டைக்குத் தெற்கே பாலாறு. அது இங்கே வருவதற்கு முன் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டைப் பக்கங்களைத் தாண்டி வருகிறது. அதாவது, தோல் பதனிடும் ஊர்களை. மேலே ஆட்டுத் தோலிலிருந்து மயிரை எடுப்பதும், கீழே பட்டிலிருந்து பசையை எடுப்பதும் வேதியியல் கண்ணுக்கு ஒரே குடும்பத்து வேலைகள். வேண்டிய புரதத்தை விட்டுவிட்டு வேண்டாத புரதத்தை நீக்க வேண்டும். ஒரே ஆற்றுப் படுகையில் இரண்டும் நடப்பதை யாரும் திட்டமிடவில்லை.

தோலில் இதைச் செய்வது சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். மயிர் கூழாகிக் கழிவுநீரில் போகும். தோல் பதனிடுவதில் வரும் மாசுச் சுமையில் பெரும்பங்கு இந்தத் தொடக்கக் கட்டத்திலிருந்துதான். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்தபோது, ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதையும், தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானதையும் எடுத்துச் சொன்னது. தொழிற்சாலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்தத் தீர்ப்பு பட்டியலிட்ட மாவட்டங்களில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று. காஞ்சிபுரம் அப்போது அதற்குள்தான் இருந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டதில் பாலாற்றுக்குப் பங்கு உண்டு என்பதை நாம் போதுமான அளவு நினைத்துப் பார்ப்பதில்லை.

நொதி அந்தத் தொழிலுக்குப் புதிதும் இல்லை. பழைய ஐரோப்பியப் பட்டறைகளில் தோலை மென்மையாக்க நாய் மலத்தையும் புறா எச்சத்தையும் வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊறவைத்தார்கள். நாட்டிங்ஹாமின் ஜோசப் டர்னி வுட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தத் தொட்டியை நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, வேலை செய்வது மலம் இல்லை, அதில் வளரும் பாக்டீரியாக்கள் விடும் நொதிகள் என்று கண்டார். அதை எத்தனை நாள் முகர்ந்திருப்பார் என்று நினைத்தால் மரியாதை கூடுகிறது. ஓட்டோ ரோம் 1907-இல் கணைய நொதியை வைத்து அதற்கு மாற்றுச் செய்தார். அந்த மாற்றின் மேல் ஒரு பெரிய ஜெர்மன் நிறுவனமே எழுந்தது.

சென்னை அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாக நொதியால் மயிர் நீக்கும் வழிகளைத் தேடியிருக்கிறது. நொதி மயிரைக் கூழாக்குவதில்லை. வேரைச் சுற்றிப் பிடித்திருக்கும் பசைப் புரதத்தை இளக்கிவிடுகிறது. மயிர் முழுதாகக் கழன்று வருகிறது, அள்ளித் தனியே வைக்கலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த நொதிக் கலவையில் கொலாஜனை வெட்டும் குணம் துளியும் இருக்கக்கூடாது. இருந்தால் தோலின் முகம் அரிக்கப்பட்டுவிடும். தோல்காரருக்கும் பட்டுக்காரருக்கும் கவலை ஒன்றுதான்.

*

புரதம் வெட்டும் பேசில்லஸ் நொதிகளில் புகழ்பெற்றது சப்டிலிசின். அது கிடைத்த கதை ஒரு கெட்டுப்போன சோதனை. கோபன்ஹேகனில், பீர் நிறுவனமான கார்ல்ஸ்பர்க்கின் ஆய்வகத்தில், லின்டர்ஸ்ட்ரோம்-லாங்கும் ஒட்டசனும் முட்டை வெண்கருவின் புரதத்தைப் படிகமாக்கிக்கொண்டிருந்தார்கள். ஊசியாக வரவேண்டிய படிகங்கள் தகடாக வந்தன. கரைசலில் பேசில்லஸ் புகுந்து தன் நொதியால் புரதத்தை ஓரிடத்தில் நறுக்கியிருந்தது. அவர்கள் கரைசலைக் கொட்டிவிட்டு மேலே போயிருக்கலாம். 1947-இல் அதைக் கட்டுரையாக எழுதினார்கள்.

1960களில் அந்த வகை நொதி சலவைத்தூளுக்குள் போனது. இன்று ஐயம்பேட்டை மளிகைக் கடையில் தொங்கும் சிறு பொட்டலங்கள் பலவற்றிலும் அது இருக்கிறது. சட்டைக் காலரின் வியர்வைக் கறையும் சாம்பார் கறையின் பருப்புப் புரதமும் அதற்கு ஒன்றே. பட்டுப் புடவையும் அப்படித்தான். சப்டிலிசின் கொகூனேஸைப் போல இடம் பார்த்து வெட்டும் குணம் உள்ளதில்லை. பல இடங்களில் வெட்டும். நொதி கலந்த தூள்களின் உறையில் பட்டுக்கும் கம்பளிக்கும் வேண்டாம் என்று பொடி எழுத்தில் போடுவது அதனால்தான். ஒரு புடவைக்காக நாள்கணக்கில் தறியில் இருப்பவர்கள் வாழும் தெருவில் அந்த எழுத்தைப் பெரிதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

*

இனி பசியைப் பற்றி.

நொதியை அதிகம் பெற வேண்டும் என்றால் பாக்டீரியாவுக்கு நன்றாகத் தீனி போட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நன்றாகத் தீனி போட்டால் அது நொதி செய்யாது. குளுக்கோஸ் தாராளமாக இருக்கும்போது புரதத்தை வெட்டித் தின்ன என்ன தேவை? நொதிக்கான மரபணுக்களை அடக்கி வைத்துவிட்டுப் பெருகுவதில் இறங்கிவிடும். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். வளர்க்கும் கலன் முழுக்கச் செல், திரவத்தில் நொதி சொற்பம்.

நாஜிகளின் பிடியில் இருந்த பாரிஸில் ஜாக் மோனோ 1941 வாக்கில் இதன் வேரைத் தொட்டார். இரண்டு சர்க்கரைகளைக் கலந்து கொடுத்தார். பாக்டீரியா ஒன்றைத் தின்று முடித்தது, சற்று நின்றது, பிறகு மற்றதைத் தொடங்கியது. அந்த நிற்றலின்போது அது இரண்டாவது சர்க்கரைக்கான நொதியைச் செய்துகொண்டிருந்தது. வளர்ச்சிக் கோட்டில் ஒரு சிறு படி. இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே ஒரு சமதளம். அந்தச் சமதளத்திலிருந்துதான் மரபணு ஒழுங்குமுறை என்ற துறையே புறப்பட்டது.

ஆகவே உற்பத்தியைக் கூட்டும் கலையின் நடுவில் இருப்பது அளந்து பட்டினி போடுவது. முதலில் செல்களைப் பெருக விடுவார்கள். பிறகு சர்க்கரைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள், அவை தின்னக்கூடிய வேகத்தைவிடக் குறைவாக. கலனில் எந்த நொடியில் அளந்தாலும் சர்க்கரை ஏறக்குறைய பூஜ்யம். வந்தது வந்தவுடன் போய்விடுகிறது. செல் சாகவில்லை, பெருகவும் இல்லை. வெளியே தேடிக்கொண்டே இருக்கிறது, நொதியை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சொட்டு கொஞ்சம் கூடினால் மறுபடி பெருகத் தொடங்கும், அசெட்டிக் அமிலத்தைக் கசியவிடும், நொதி நிற்கும். கொஞ்சம் குறைந்தால் வேறு ஆபத்து. பேசில்லஸ் நம்பிக்கை இழந்து வித்தாகச் சுருண்டு உறங்கிவிடும். அந்த வித்து கொதிநீரையும் தாங்கும், ஆனால் நொதி தராது. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய பாதை. அதில் இரண்டு மூன்று நாள் நிறுத்திவைக்கிறார்கள். நல்ல இனமும் நல்ல கையும் சேர்ந்தால் லிட்டருக்கு 20 கிராமுக்கு மேலும் நொதி கிடைக்கும்.

இதைப் படித்த நாளிலிருந்து பசி என்பதை ஒரு குறையாக மட்டும் பார்க்க முடியவில்லை. மனிதப் பசியோடு இதைச் சேர்க்கவும் மனம் வரவில்லை. கூலி குறைத்தால் உழைப்பு கூடும் என்று நம்பியவர்கள் இந்த ஊர்களில் உண்டு. அவர்கள் கையில் இந்த உதாரணம் சிக்கக் கூடாது.

*

மற்ற தேவைகளில் காற்றுதான் தலை. சர்க்கரையை ஒரு லிட்டர் தண்ணீரில் நூற்றுக்கணக்கான கிராம் கரைக்கலாம். ஆக்சிஜன் 37 டிகிரியில் 7 மில்லிகிராமுக்கும் குறைவாகவே கரையும். அடர்ந்த பாக்டீரியாக் கூட்டம் அதைச் சில விநாடிகளில் தீர்த்துவிடும். அதனால் நாள் முழுக்க, இரவு முழுக்க வடிகட்டிய காற்றை அடியிலிருந்து ஊதிக்கொண்டே, குமிழிகள் பொடியாக உடையுமாறு விசையோடு கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபெர்மென்டர் என்ற பெரிய வளர்ப்புக் கலனில் மின்கட்டணம் போவது இங்கேதான். கூட்டம் மூச்சுவிடும் வேகத்துக்கு வெப்பமும் கிளம்பும். அதைக் குளிர்நீரால் இறக்க வேண்டும். நம் சித்திரை வைகாசியில் குழாயில் வரும் நீரே சுடுகிறது. ஐரோப்பியக் கணக்கை அப்படியே எடுத்துவந்து இங்கே கலன் போட்டவர்கள் முதல் கோடையில் பாடம் படித்திருப்பார்கள். புரதம் கலந்த நீரில் காற்று ஊதினால் நுரை எழும். நுரை மேல்குழாய் வழியாக வெளியேறினால் அதே வழியில் வேற்றுக் கிருமி உள்ளே வரும்.

கிருமி புகுவது பற்றி யோசிக்கும்போது இட்லி மாவு நினைவுக்கு வரும். வரதராஜப் பெருமாள் கோயில் இட்லிக்கும் சரி, வீட்டு இட்லிக்கும் சரி, யாரும் பாத்திரத்தை நீராவியில் கிருமிநீக்கம் செய்வதில்லை. உளுந்தோடு வந்த லியூகோனோஸ்டாக் முதலில் பெருகி, காற்றெழுப்பி, அமிலம் விட்டு, மற்றவர்க்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. புளிப்புதான் காவல். சப்டிலிசின் கலனில் அந்தக் காவல் இல்லை. அமிலமும் இல்லை, உப்பும் இல்லை, சாப்பாடு மட்டும் நிறைய, திறந்த வீடு. அதனால்தான் எஃகும், நீராவியும், வடிகட்டியும். மாவு அரைக்கும் அம்மாவுக்கு இருக்கும் நிம்மதி ஃபெர்மென்டர் இரவுப்பணியாளருக்குக் கிடையாது.

*

இனத்தை மேம்படுத்துவது பற்றி நிறைய இருக்கிறது. இரண்டை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

பேசில்லஸ் சப்டிலிஸில் டெக்-யூ என்ற ஒழுங்குபடுத்தும் புரதம் உண்டு. அதில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிய ஒரு வகை, வெளியே அனுப்பும் நொதிகளைப் பன்மடங்கு கூட்டுகிறது. அந்த வகைக்கு நீந்தும் கசையிழைகள் இல்லை. தேடிப் போகும் வழி அடைபட்டது, இருந்த இடத்திலிருந்து அனுப்பும் வழி திறந்தது. ஒரே சாவி இரண்டு பூட்டுக்கும். ஊர்விட்டுப் போகாமல் குழித்தறியில் கால் இறக்கி உட்கார்ந்தவர்களைப் பற்றி இங்கே எழுத ஆசை வருகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

மற்றது, சப்டிலிசின் பிறக்கும் விதம். அது தனியே பிறப்பதில்லை. 275 அமினோ அமிலங்கள் கொண்ட நொதிக்கு முன்னால் 77 கொண்ட ஒரு வால் சேர்ந்தே உருவாகிறது. அந்த வால் இல்லாவிட்டால் நொதி சரியான வடிவத்துக்கு மடியாது, வெறும் சங்கிலியாகக் கிடக்கும். வால் பிடித்து மடித்துக்கொடுக்கிறது. மடிந்து முடிந்ததும் நொதிக்கு வெட்டும் சக்தி வருகிறது. அது வெட்டும் முதல் பொருள் அந்த வால். மசயோரி இனோயேவின் குழு 1987-இல் அந்த முன்துண்டு இன்றியமையாதது என்று காட்டியது. இதை நன்றிகெட்ட செயல் என்று சொல்லத் தோன்றும். சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன். அங்கே யாரும் யாரையும் நினைப்பதில்லை. வடிவம் ஒன்று கைமாறுகிறது, அவ்வளவே.

*

நம் கல்லூரிகளில் நொதி உற்பத்தியைப் பற்றி வரும் கட்டுரைகளைப் படித்துச் சலிப்பு வந்ததுண்டு. எங்கோ தோல் தொட்டி மண்ணிலிருந்தோ மீன் சந்தைச் சேற்றிலிருந்தோ ஒரு பேசில்லஸை எடுப்பார்கள். கோதுமைத் தவிடா, கடலைப் புண்ணாக்கா, கார அளவு 8-ஆ 9-ஆ, 37 டிகிரியா 40-ஆ என்று ஒவ்வொன்றாய் மாற்றிப் பார்ப்பார்கள். மூன்று மடங்கு கூடியது என்று முடிப்பார்கள். மூன்று மடங்கு எதற்கு மேல்? தொடக்கமே மோசமாக இருந்தால் மடங்குக்கு என்ன பொருள்? ஒவ்வொன்றாய் மாற்றினால் இரண்டு சேர்ந்து செய்வது தெரியாது என்பதற்காகத்தான் பாக்ஸும் வில்சனும் 1951-இல் பல காரணிகளை ஒன்றாக அசைக்கும் முறையைக் கொடுத்தார்கள். அந்த முறையும் இன்று கணினியில் பொத்தானை அழுத்தும் சடங்காகிவிட்டது. 250 மில்லிலிட்டர் குடுவையில் கிடைத்த வெற்றி, காற்று போதாத பெரிய கலனில் என்னவாகும் என்பதை அந்தக் கட்டுரைகள் கேட்பதில்லை. ஆனாலும் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். அந்தச் சேற்றைக் கையில் எடுத்துத் தட்டில் தீட்டி, பால் கலந்த ஜெல்லியில் பாக்டீரியாவைச் சுற்றி ஒரு தெளிந்த வட்டம் உண்டாவதை முதன்முறை பார்க்கும் மாணவியின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். வயிறில்லாத ஒன்று சாப்பிட்ட அடையாளம் அந்த வட்டம்.

இந்தியாவில் நொதி உற்பத்தியைத் தொழிலாக்கியவர்களில் கிரண் மஜும்தார்-ஷா முன்னால் நிற்கிறார். 1978-இல் பெங்களூரில் ஒரு கார் நிறுத்தும் கொட்டகையில், 10,000 ரூபாய் முதலோடு தொடங்கிய பயோகான் முதலில் எடுத்தது பப்பாளிப் பாலிலிருந்து வரும் பப்பெயின். பிறகு நுண்ணுயிர் நொதிகளுக்குப் போனது. 2007-இல் நொதித் தொழிலை டேனிஷ் நிறுவனமான நோவோசைம்ஸுக்கு விற்றுவிட்டது. மருந்தில் காசு அதிகம்.

தூசியைப் பற்றி ஒரு வரி: 1969-இல் பிரிட்டனில் சலவைத்தூள் ஆலைத் தொழிலாளர்களுக்கு நொதித் தூசியால் நுரையீரல் நோய் வருவதை மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். நொதியை மெழுகுக் குருணைக்குள் மூடத் தொடங்கியது அதன் பிறகுதான். சிறு பட்டறையில் நொதிப் பொடியை வெறுங்கையால் அள்ளிப் போடும் காட்சியை நினைத்தால் எனக்கு முதலில் வரும் கவலை இது.

*

சாயம் போடும் அந்த அண்ணனிடம், காய்ச்சுவதற்குப் பதில் நொதியால் பசை எடுப்பதைப் பற்றி எடுத்துச் சொன்னேன். 55 டிகிரி போதும், கொதிக்க வேண்டாம், சோடா குறைவு, விறகு குறைவு. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சிட்டத்தை எடுத்து இரு கையிலும் இழுத்துக் காட்டினார்.

"இந்த முறுக்குக்குள்ள போவுமா அது?"

சரியான கேள்வி. காஞ்சிப் பாவு இழை பல இழைகளைச் சேர்த்து இறுக்கி முறுக்கியது. சப்டிலிசின் ஒரு பெரிய மூலக்கூறு, சோப்பு மூலக்கூறைவிட ஏறக்குறைய 90 மடங்கு கனம். வெளிச்சுற்றில் இருக்கும் பசையைச் சுலபமாக எடுக்கும். முறுக்கின் நடுவில் இருக்கும் பசைக்குப் போவது கடினம். உள்ளே எட்டும்வரை விட்டுவைத்தால் வெளியே இருக்கும் பட்டு அடிவாங்கும். கொதிக்கும் சோப்பு நீரோ இழையை ஊதவைத்து உள்ளே நுழைகிறது, பட்டில் இருக்கும் மெழுகையும் கூட எடுத்துவிடுகிறது. நொதிக்கு மெழுகைத் தொடத் தெரியாது. அதனால் நொதிக்குப் பின்னும் ஒரு லேசான சோப்புக் குளியல் தேவைப்படுகிறது. காய்ச்சும் பானையை இந்த ஊர் கைவிடாததற்குப் பழக்கம் மட்டும் காரணம் என்று சொல்பவர்கள் முறுக்கைக் கையில் தொட்டுப் பார்க்காதவர்கள்.

முறுக்குக் குறைவான குறுக்கு இழையான ஊடையில் நொதி நன்றாக வேலை செய்ய வாய்ப்பு உண்டு. பாவுக்குச் சோப்பு, ஊடைக்கு நொதி என்று பிரிக்கலாம். அப்படிப் பிரித்தால் இரண்டும் சாயத்தை ஒரே மாதிரி வாங்குமா? அரக்கு நிறத்தில் பாவு ஒரு சாயலும் ஊடை ஒரு சாயலும் வந்தால் புடவை விலை போகாது. இதைச் சிறு அளவில் செய்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். "ஒரு சேலைக்கு உண்டான ஊடை குடுங்க, பாக்கலாம்" என்றார். விலை என்ன என்றும் கேட்டார். விறகுச் செலவில் மிச்சமாவது நொதி விலைக்குச் சரியாகப் போகும் அளவில்தான் இப்போதைக்கு நிற்கிறது என் கணக்கு.

கழிவுநீரில் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. நொதி வந்தால் காரமும் சோப்பும் குறையும், அது நல்லதே. ஆனால் கரைந்த செரிசின் எப்படிக் கரைந்தாலும் செரிசின்தான். கிலோவுக்கு அந்தக் கால் கிலோ புரதம் சாக்கடைக்குப் போனால் ஆக்சிஜனை உறிஞ்சும் சுமை ஏறக்குறைய அப்படியே இருக்கும். சுமையைக் குறைக்க வேண்டும் என்றால் அந்த நீரிலிருந்து செரிசினைத் திரும்ப எடுக்க வேண்டும். அழகுப்பொருள் தயாரிப்பாளர்கள் அதை வாங்குகிறார்கள். அவர்களுக்கு நீண்ட சங்கிலியாக வேண்டுமென்றால் நொதி உதவாது, அது பொடிப்பொடியாக வெட்டிவிடும். சோப்பு கலந்தால் பிரிப்பது பெரும்பாடு. அதற்குத் தோதானது வெறும் தண்ணீரில், அழுத்தக் கலனில், 120 டிகிரியில் வேகவைப்பது. ஒரு பட்டறைக்கு அந்தக் கலன் கட்டுப்படியாகாது. ஐயம்பேட்டைக்கும் முத்தியால்பேட்டைக்கும் சேர்த்துப் பொதுவாக ஒன்று வைக்கலாம். வைத்தாலும் செரிசின் நீரை அன்றன்றே வடிகட்டிச் சுண்டவைத்தாக வேண்டும். நம் வெயிலில் ஒரு நாள் தாண்டினால் அது நாறத் தொடங்கிவிடும்.